பாஸ்வேர்டு கேட்கும் காதல்!

காலை எட்டு மணி. லால்குடி பஸ் நிலையத்தில் கூட்டம் நெரிகிறது. சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போகும் வண்டி வந்து நிற்பதற்குள்ளேயே ஜன்னல் வழியாகப் பைகளும் டிபன் டப்பாக்களும் உள்ளே பாய்ந்து இடம் பிடித்துவிடுகின்றன. ஏறியவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவ மாணவிகள். வாளாடியைத் தாண்டி, டோல்கேட்டைத் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் ஏறி, ஸ்ரீரங்கம் கோபுரத்தை ஜன்னல் வழியே கும்பிட்டுவிட்டுக் காவிரியையும் கடந்தால் திருச்சி வந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு? இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் வாழை. அண்ணன் ஒருவன். ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவனோடு அவளுக்கு ஆறு மாதமாகப் பழக்கம். வீட்டுக்குத் தெரியாது. பையனும் போக்கிரி அல்ல. நன்றாகப் படிக்கிறவன், நாலு பேரிடம் மரியாதையாகப் பேசுகிறவன்தான்.

பஸ் கிளம்பியதும் செல்போன் சிணுங்குகிறது.

"பஸ் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு."

"பக்கத்திலே யாரு?"

"கிளாஸ் பொண்ணு."

"போட்டோ எடுத்து அனுப்பு, பார்க்கலாம்."

அவள் சிரித்துக்கொண்டே எடுத்து அனுப்புகிறாள். தன் மேல் இவனுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு!

அடுத்த மாதம் போட்டோ போதவில்லை. "லைவ் லொக்கேஷன் போடு" என்கிறான். அதற்கடுத்த மாதம், "நீல டிக் விழுந்து பத்து நிமிஷம் ஆச்சு, ஏன் பதில் இல்லை?" என்கிறான். பிறகு ஒரு நாள், உச்சிப்பிள்ளையார் கோயில் படியில் உட்கார்ந்திருக்கும்போது, குரலைத் தாழ்த்திக் கேட்கிறான்: "உன் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு என்ன? நமக்குள்ளே என்ன ஒளிவு மறைவு?"

அவள் சொல்லிவிடுகிறாள்.

அக்கறையா, காவலா?

மிரட்டல், அவமானம், போலீஸ், கோர்ட்டு என்று பத்திரிகைகளில் வரும் செய்திகளை எல்லாரும் படிக்கிறார்கள். அவற்றின் முதல் அத்தியாயம் செய்தியில் வருவதில்லை. ஏனென்றால் அந்த முதல் அத்தியாயம் பார்ப்பதற்குக் காதல் மாதிரியே இருக்கிறது. கன்னத்தில் அறைந்தால் அது அடி என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். "எங்கே இருக்கே?" என்று நாளைக்கு நாற்பது தடவை கேட்பது என்ன? அதற்கு நம் வீடுகளில் பெயரே கிடையாது. கிண்டலாக "ரொம்பப் பொசஸிவ்" என்று தோழிகள் சொல்லிச் சிரிப்பதோடு சரி.

அந்தக் காவலுக்கு இன்று பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டியதில்லை. வாட்ஸ் அப்பில் லைவ் லொக்கேஷனை 15 நிமிஷம், ஒரு மணி, எட்டு மணி என்று போடலாம். கூகுள் மேப்பிலோ, நாமாக நிறுத்துகிற வரையில் அது ஓடிக்கொண்டே இருக்கும். போட்டுக் கொடுத்ததையே மறந்துபோனவர்கள் உண்டு. இன்னொன்று, இதைவிட மோசம். அவளுடைய போனை ஒரு நிமிஷம் கையில் வாங்கினால் போதும். அவளுடைய வாட்ஸ் அப்பைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்துவிடலாம். அப்புறம் அவளுக்கு வரும் செய்தியெல்லாம் அவனுடைய மேஜையிலும் வந்து விழும். அம்மாவோடு பேசியதும் தெரியும், தோழியிடம் அழுததும் தெரியும். "உனக்கெப்படித் தெரியும்?" என்று அவள் திகைத்தால், "மனசு மனசை அறியும்" என்பான்! (வாட்ஸ் அப் செட்டிங்கில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் அங்கே தலைகாட்டினால் அப்போதே துண்டித்துவிடலாம். அரை நிமிஷ வேலை.)

சட்டத்துக்கு இதெல்லாம் புதிதல்ல. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதீய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு பின்தொடர்தலைப் பற்றியது. தெருவில் பின்னாலேயே வருவது மட்டும் அல்ல, ஒரு பெண் இன்டர்நெட்டையும் ஈமெயிலையும் மற்ற மின்னணுத் தொடர்புகளையும் எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று கண்காணிப்பதும் அந்தப் பிரிவின்படி குற்றந்தான். 2013-லேயே பழைய சட்டத்தில் சேர்க்கப்பட்ட விஷயம் இது. "காதலன் பார்த்தால் குற்றமில்லை" என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அடுப்பில் போட முடியாத கடிதம்

பழைய நாவல்களிலும் சினிமாக்களிலும் ஒரு காட்சி வரும். கதாநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். முன்பு அவளோடு பழகியவன் ஒரு கட்டுக் கடிதத்தைக் காட்டி, "மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா?" என்று இளிப்பான். கடைசி ரீலில் யாராவது ஒரு நல்லவர் அந்தக் கட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவார். சாம்பல்! அத்தோடு கதாநாயகிக்கு விடுதலை.

இன்றைய படத்துக்கு அடுப்புக் கிடையாது. அவன் கேட்டான் என்று, அவன் மேலுள்ள நம்பிக்கையில், அவள் ஒரு இரவு ஒரு படம் அனுப்பிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பயந்துபோய்த் தன் பக்கத்தில் அழிக்கலாம். "எல்லாருக்கும் அழி" என்ற பொத்தானையும் அழுத்தலாம். அதற்குள் அவன் ஸ்கிரீன் ஷாட் எடுத்திருந்தால் அழித்துப் பிரயோஜனம் இல்லை. போதாக்குறைக்கு, இப்போது படம் அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. கோயில் திருவிழாவில் தாவணி கட்டி நிற்கும் முகம் ஒன்று கிடைத்தால், செயற்கை நுண்ணறிவு மீதி உடலை வரைந்து கொடுத்துவிடுகிறது.

சண்டை வருகிறது. "இனிமேல் வேண்டாம், படிப்பைப் பார்க்கிறேன்" என்கிறாள் அவள். அன்று இரவு வருகிறது ஒரே ஒரு வரி: "உன் அண்ணன் நம்பர் என்கிட்டே இருக்கு."

கவனியுங்கள். அவன் ஊருக்கு அனுப்புவேன் என்று சொல்லவில்லை, உலகத்துக்குக் காட்டுவேன் என்றும் சொல்லவில்லை. அண்ணன் என்கிறான். மிரட்டலின் பலம் அந்தப் படத்தில் இல்லை. வீட்டில் என்ன நடக்கும் என்று அவள் நினைத்து நடுங்குகிறாளே, அந்த நடுக்கத்தில் இருக்கிறது. "படிப்பை நிறுத்திவிடுவார்கள், போனைப் பிடுங்கிவிடுவார்கள், அடுத்த முகூர்த்தத்தில் எவன் கையிலாவது பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்" என்று அவள் நம்புகிறாள். அவளை அப்படி நம்பவைத்தவர்கள் யார்? அந்தப் பையன் அல்ல.

சம்மதம் எதற்கு?

"அவளேதானே அனுப்பினாள்? பிறகு கோர்ட்டில் என்ன சொல்ல முடியும்?" என்று கேட்கிறவர்கள் ஏராளம். படித்தவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவைப் பார்ப்பது நல்லது. ஒரு பெண் தன் அந்தரங்கமான படத்தை எடுக்கச் சம்மதித்திருக்கலாம். ஆனால் அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. முதல் தடவைக்கு ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. மறுபடியும் செய்தால் மூன்றிலிருந்து ஏழு வருஷம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ, 67, 67ஏ பிரிவுகள் வேறு இருக்கின்றன. பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை என்றால் போக்சோ சட்டமும் வந்துவிடும்.

77-வது பிரிவு பெண்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மிரட்டப்படும் பையன்களும் இருக்கிறார்கள்; வெட்கத்தினால் அவர்கள் இன்னும் கெட்டியாக வாயை மூடிக்கொள்கிறார்கள். 66ஈ பிரிவு ஆண், பெண் என்று பேதம் பார்ப்பதில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் நாட்டிலேயே முதன்முதலாகத் தண்டனை கிடைத்தது எங்கே தெரியுமா? நம் சென்னையில். ஸ்மார்ட் போன் என்ற பேச்சே இல்லாத 2004-ஆம் ஆண்டில். ஒரு பெண்ணை மணக்க விரும்பி, அது நடக்காத ஆத்திரத்தில், அவள் பெயரில் யாஹூ குழு ஒன்றில் ஆபாசச் செய்திகளைப் போட்டான் ஒருவன். அவளுக்குக் கண்டவர்களிடமிருந்தெல்லாம் போன் வந்தது. அவள் பயந்து நம்பரை மாற்றிக்கொண்டு ஒதுங்கவில்லை, போலீசுக்குப் போனாள். அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி எழும்பூர் கோர்ட்டில் அவனுக்கு இரண்டு வருஷக் கடுங்காவல் கிடைத்தது. வருஷக் கணக்கில் இழுக்கவில்லை. மாதக் கணக்கில் முடிந்தது.

காதலனே தண்டனை பெற்ற வழக்கும் உண்டு. மேற்கு வங்காளத்தில் தம்லுக் என்ற ஊர். என்ஜினீயரிங் மாணவன் ஒருவன், தன்னோடு பழகிய பெண் விலகியதும், அவளுடைய படத்தை ஆபாசத் தளத்தில் ஏற்றிவிட்டான். 2017-ல் புகார், 2018 மார்ச்சில் தீர்ப்பு. ஐந்து வருஷம் சிறை, 9,000 ரூபாய் அபராதம். அதோடு நிற்கவில்லை அந்த நீதிபதி. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு உரிய நஷ்ட ஈடு இவளுக்கும் உண்டு என்றார். உடம்பைத் தொடவில்லையே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

சேலமும் பொள்ளாச்சியும்

தமிழ்நாட்டில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2016 ஜூன். சேலம் மாவட்டம். கல்லூரிப் படிப்பு முடித்த ஒரு பெண். அவளை மணக்க விரும்பி, மறுக்கப்பட்ட இளைஞன் ஒருவன், அவள் முகத்தை வேறு உடலில் ஒட்டி பேஸ்புக்கில் போட்டான். அவள் எதையும் அனுப்பவில்லை; எதற்கும் சம்மதிக்கவில்லை; படமே பொய். தகப்பனார் போலீசில் புகார் கொடுத்தார். சில நாட்களில் இரண்டாவது படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். எழுதி வைத்த கடிதத்தில், பெற்றவர்களே தன்னை நம்பவில்லையே என்ற வேதனைதான் இருந்தது. புகாரைக் கவனித்த விதத்துக்காக மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு பின்னர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பைக் கேட்க அவள் இல்லை.

2019 பிப்ரவரி. பொள்ளாச்சி. 19 வயதுக் கல்லூரி மாணவி. பழகியவன் பேச்சை நம்பிக் காரில் ஏறினாள், உள்ளே நண்பர்கள் இருந்தார்கள், வீடியோ எடுத்தார்கள், அதைக் காட்டி மிரட்டத் தொடங்கினார்கள். அவள் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் அவளை அடிக்கவில்லை. அவர்களைத் தேடிப் பிடித்தார். போனைத் திறந்தால் ஒன்றல்ல, வேறு பல பெண்களின் வீடியோக்கள்! அத்தனை பேரும் அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர்கள்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் பட்டது கொஞ்சமல்ல. அண்ணனை அடித்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக்கூடாது என்று சட்டம் இருக்க, போலீஸ் அதிகாரியின் பேட்டியிலேயே பெயர் வந்துவிட்டது, அரசாணையிலும் வந்தது. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போய், அங்கிருந்து சி.பி.ஐ.க்குப் போயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 மே 13-ஆம் தேதி, கோவை மகளிர் கோர்ட்டில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு. 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை!

கண் கலங்கிய நீதிபதி

படம் பரவிவிட்ட பிறகு என்ன செய்வது? 2025 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டுக்கு ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். கல்லூரி நாட்களில் பழகியவன் ரகசியமாக எடுத்த படங்கள் எத்தனையோ தளங்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு இடத்தில் எடுத்தால் இன்னொரு இடத்தில் முளைத்தன. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இது தம் மகளாக இருந்தால் என்ற நினைப்பில் விசாரணையின்போதே கண் கலங்கினார். 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அந்தப் பெண்ணையும் வைத்துக்கொண்டு ஆண் போலீஸ்காரர்கள் ஏழு பேர் வீடியோவைப் பார்த்து அடையாளம் கண்டார்கள் என்று தெரிய வந்ததும் கடுமையாகக் கண்டித்தார். வழக்கறிஞருக்கே இந்தக் கதி என்றால், லால்குடிப் பெண் தனியாகப் போலீஸ் நிலையத்துப் படி ஏறுவாளா? அந்த வழக்கின் பலனாக, இப்படிப்பட்ட படங்களை எப்படிப் புகார் செய்வது, யார் நீக்குவது என்று ஒரு நடைமுறையையே அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. புகார் வந்தால் படத்தை நீக்க, 2021-ல் வந்த விதிகளே கம்பெனிகளுக்கு 24 மணி நேரக் கெடு வைத்திருந்தன. அமெரிக்காவிலும் 2025 மே மாதம் 48 மணி நேரக் கெடுவோடு ஒரு சட்டம் வந்தது.

படம் இன்னும் பரவவில்லை, மிரட்டல் மட்டுந்தான் என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. 2021-ல் தொடங்கிய ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளம் அது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவளுடைய போனிலேயே படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி ஒரு எண்வரிசை தயாராகிறது. அந்த எண்கள் மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற கம்பெனிகளுக்குப் போகின்றன. அதே படத்தை எவனாவது ஏற்றினால் கைரேகை ஒத்துப்போய்ப் பிடிபட்டுவிடும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டேக் இட் டவுன் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டில் சேராத தளங்களில் இது செல்லாது.

கொள்ளிடத்துக்கு எந்தப் பக்கம்?

நம் பெண்ணின் வழக்கில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. அவள் இருப்பது லால்குடி. அது மாவட்டப் போலீசுக்கு உட்பட்டது. பையன் இருப்பது ஸ்ரீரங்கம். அது மாநகரப் போலீஸ் கமிஷனரின் எல்லை. கல்லூரி காவிரிக்குத் தெற்கே. எந்தக் கரையில் புகார் கொடுப்பது? முன்பானால் "இது எங்க லிமிட் இல்லையம்மா" என்று ஒரு பாலத்திலிருந்து இன்னொரு பாலத்துக்கு விரட்டியிருப்பார்கள். இப்போது சட்டப்படி எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும். எல்லை அவர்கள் பாடு. 1930 என்ற எண்ணிலும் சைபர் கிரைம் இணைய தளத்திலும் வீட்டிலிருந்தே புகார் செய்யலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. மனம் உடைந்துபோய் இருந்தால் 14416-ல் எந்த நேரமும் பேசலாம். விசாரணைக்கென்று பெண்ணைப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவள் இருக்கும் இடத்துக்குத்தான் அவர்கள் வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கும் அப்பாக்கள் உண்டு. அவர் உடைப்பது போனை அல்ல, சாட்சியத்தை. அவன் அனுப்பிய ஒவ்வொரு வரியும், தேதியும், நம்பரும் அதில்தான் இருக்கின்றன. அழுகையில் அவளே எல்லாவற்றையும் அழித்துவிடுவதும் உண்டு. பணம் கேட்டுக் கொடுத்தாலோ, கதை முடிந்தது, மறுபடியும் கேட்பான்.

இரவு பத்து மணி. அந்த வீட்டில் அம்மா அடுப்படியைக் கழுவிவிட்டுக் கொண்டிருக்கிறாள். பெண் வாசற்படியில் வந்து நிற்கிறாள்.

"அம்மா... ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

அம்மா திரும்பிப் பார்க்கிறாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிடுகிறாள்.

"சாப்பிட்டியா நீ?" என்று கேட்கிறாள். பிறகு, "வா, உட்காரு. சொல்லு."

மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில் அவள் ஏறவில்லை. அம்மாவும் அண்ணனும் அவளும் மகளிர் போலீஸ் நிலையத்துக்கு நடந்து போகிறார்கள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. இரவெல்லாம் தூங்காத கண்கள். போன் அவள் கையிலேயே இருக்கிறது.